பின்கட்டுக்கு ஓர் ஆள்: வெப் ஒர்க்கருடன் பதினான்கு மாதம்

பெரியவர், என் வாடிக்கையாளரான ஒரு சிறு பதிப்பாளர், என் எழுத்துரு மாற்றும் வலைப்பக்கத்தில் அந்தப் பொத்தானை ஏழு முறை அழுத்தியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே நாவல் ஏழு முறை எழுத்துரு மாற்றப்பட்டு, ஏழு கோப்புகளாக இறங்கிக் கிடந்தது. முதல் அழுத்தலுக்கும் ஏழாவது கோப்புக்கும் இடையில் நாலரை நிமிடத்துக்கு மேல் திரை கல்லாய்ச் சமைந்து நின்றது. சுட்டியின் அம்பு மட்டும் நகர்ந்தது. எதன் மேல் வைத்து அழுத்தினாலும் சலனம் இல்லை. பக்கம் பதிலளிக்கவில்லை, காத்திருக்கிறீர்களா, மூடிவிடலாமா என்று உலாவி இரண்டு முறை கேட்டது. "தம்பி, உங்கள் பெட்டி உயிரை விட்டுவிட்டது" என்றார் பெரியவர். டிசம்பர் கடைசி வாரம். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. அச்சகத்துக்குக் கோப்பு போக மூன்று நாள்தான் இருந்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் வெப் ஒர்க்கரை, அதாவது பக்கத்தை உறைய வைக்காமல் உலாவிக்குள் பின்னணியில் நிரலை ஓட்டும் வசதியை, வேலைக்கு வைத்தேன். பதினான்கு மாதம் ஆகிறது. மிக்ஸி வாங்குவதென்றாலே நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகிறவன் நான். இதைப் பற்றித் தமிழில் விசாரிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. பின்னால் வருகிறவர்களுக்காவது உதவட்டும் என்று பட்டதையெல்லாம் எழுதிவைக்கிறேன்.

நான் கணினிப் பொறியியல் படித்தவன் இல்லை. திருவல்லிக்கேணியில், பாரதி சாலைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஓர் அறை, டிடிபி கடை. டிரெடில் மிஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல், கடைக்கு ஆள் வராத மதிய வேளைகளில். கற்றுக்கொள்ள வைத்தவை பழைய கோப்புகள்.

அந்தக் கோப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன்னால் தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கு ஓர் எழுத்துருவில் செய்தார்கள். பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று வரும். எழுத்துருவை எடுத்துவிட்டால் கோப்பில் மிஞ்சுவது நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டு முறைக்கு வேறு கணக்கு. 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்து, அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. பெரியவரைப் போன்ற சிறு பதிப்பாளர்களின் அலமாரியில் இவை அத்தனையிலும் குறுந்தகடு இருக்கிறது. மறுபதிப்பு போட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒரு கோப்பையும் மாற்றிப் பார்க்காதவர்கள். பழைய எழுத்துருக்களில் 'கொ' கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கிடக்கும்: முதலில் கொம்பு, அடுத்து க, அதற்கடுத்துக் கால். யூனிகோடில் க முதலில் வரும், ஒகரக் குறி அதன் பின்னால் வரும். ஆகவே கொம்பு ஒவ்வொன்றையும் தூக்கிப் பின்னால் நட வேண்டும். இதைக்கூடச் செய்துவிடலாம். ஆளைக் கொல்வது ஔகாரம். கௌரவத்தை அந்தக் காலத்தில் பலர் கொம்பு, க, ள என்றே அடித்துவிட்டுப் போனார்கள். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே சாயல். அப்படி வந்தால் அது 'கௌ'வா 'கெள'வா என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? நான் எல்லாவற்றையும் கௌ ஆக்கினேன். பெரியவரின் நாவலோ பேச்சு வழக்கில் எழுதியது. பாத்திரங்கள் "கெளம்பு, கெளம்பு" என்கிற இடமெல்லாம் "கௌம்பு, கௌம்பு" என்று ஆகிவிட்டது. மெய்ப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் தம்பி இந்தக் கௌம்பு? வடநாட்டுக்காரரா?" என்று கேட்டார்.

அதன் பிறகு ஒரு பெரிய சொற்பட்டியலைச் சேர்த்து, ஐயத்துக்கு இடமான ஒவ்வொரு சொல்லையும் அதில் தேடிப் பார்க்கும்படி செய்தேன். கடைசியில் சொல்லடைவு வேறு. யூனிகோட் எண்வரிசையில் ன முந்திக்கொண்டு பகரத்துக்கு முன்னாலேயே நிற்கும், வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய்விடும். நெடுங்கணக்கு முறையில் அடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனியாக ஒரு வரிசைச் சாவி உண்டாக்க வேண்டும். நாவல் 600 பக்கம், ஏறத்தாழ 18,000 வரி. எல்லாம் சேர்த்து என் கடைக் கணினியில் 40 விநாடி ஆயிற்று.

இதையெல்லாம் சர்வரில் செய்யக் கூடாதா என்றால், பதிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வெளிவராத படைப்பு தங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது என்பார்கள். நியாயம்தான். எனக்கும் சர்வர் வாடகை மிச்சம். ஆகவே வேலை முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது.

'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு வரி காட்டும்படி நான் எழுதித்தான் வைத்திருந்தேன். அந்த வரி ஒரு நாளும் திரையில் தோன்றியதில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது, திரையை வரைவதற்கு வழிவிடுவது, சொடுக்கைக் காதில் வாங்குவது எல்லாம் ஒரே இழையில், அதாவது ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்கிற ஒரே வேலை வரிசையில் நடக்கின்றன. மெயின் திரெட் என்பார்கள். விநாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால் ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. எழுத்தை மாற்றும் நிரல் துண்டான என் ஃபங்ஷன் 40 விநாடி உட்கார்ந்துகொண்டால், அது எழுந்திருக்கிற வரை வரைவதற்கு முறையே வராது. 'காத்திருக்கவும்' என்று எழுதி, வேலையை முடித்து, அதே இடத்தில் 'முடிந்தது' என்று மாற்றி எழுதிய பிறகுதான் திரைக்கு வாய்ப்புக் கிடைத்தது. பெரியவரின் ஏழு சொடுக்குகளும் ரேஷன் கடையில் நிற்பதைப் போல வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

முதலில் ஒர்க்கரிடம் போகாமல் வேலையை நறுக்கித்தான் பார்த்தேன். 50 வரி மாற்று, செட்டைம்அவுட் என்கிற டைமரை வைத்து ஒரு மூச்சு விடு, அடுத்த 50 வரி. பக்கம் உயிரோடு இருந்தது. இரண்டு நாள் நானும் மகிழ்ச்சியாக இருந்தேன். மூன்றாம் நாள் பெரியவர் வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, முக்கால் பங்குக்கு மேல் முடிந்துவிட்டது, அதற்கு அப்புறம் நத்தை மாதிரி ஊர்கிறது." என்ன செய்துகொண்டிருந்தீர்கள் ஐயா என்றேன். பொத்தானை அழுத்திவிட்டுப் பக்கத்துத் தாவலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அங்கேதான் சூட்சுமம். மறைந்திருக்கும் தாவலின் டைமர்களை உலாவி அடக்கி வைக்கிறது, விநாடிக்கு ஒன்றுதான். 18,000 வரி என்றால் 360 துண்டு. ஐந்து நிமிடத்தில் 300 துண்டு போய்விட்டது. அதற்கு மேல் தாவல் மறைந்தே இருந்தால், 2021-இல் வந்த குரோம் 88 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, நிமிடத்துக்கு ஒரு முறைதான் டைமர் அடிக்கும். மிச்சம் 60 துண்டு. ஆக ஒரு மணி நேரம். மின்சாரத்தைச் சேமிக்க உலாவிக்காரர்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது, குறை சொல்ல முடியாது. ஆனால் 40 விநாடி வேலையை ஒரு மணி நேரமாக்கிய பெருமை எனக்கு. சொல்லடைவை அடுக்குவதை நறுக்கவே முடியவில்லை. ஸார்ட் என்கிற அடுக்கும் கட்டளை பாதியில் மூச்சு விடாது.

ஒர்க்கர் புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. 2007-இல் கூகுள் கியர்ஸ் என்ற உலாவிச் செருகுநிரலில் இதன் முன்னோடி இருந்தது. 2009-இல் ஃபயர்பாக்ஸ் 3.5 உலாவியிலேயே வந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2012 வரை பொறுக்க வேண்டியிருந்தது. 2009-இல் நான் பேஜ்மேக்கரில் ஜாதகப் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் பகுதியில் இடிக்காமல் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இருக்கும். முன்கட்டில் வந்தவரை உட்கார வைத்துப் பேசுவார்கள். மாவு அரைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் பின்கட்டில். வெப் ஒர்க்கர் பின்கட்டுக்கு வைக்கும் ஆள். நியூ ஒர்க்கர் என்று ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் அவர் செய்ய வேண்டிய வேலை எழுதியிருக்கும் கோப்பின் பெயர். அவ்வளவில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார். முன்கட்டிலிருந்து போஸ்ட்மெசேஜ் என்று குரல் கொடுத்தால் அவர் ஆன்மெசேஜில் கேட்பார். அவரும் அதே வழியில்தான் பதில் சொல்வார். சம்பளம் கிடையாது. டைமர் கட்டுப்பாடும் அவரைத் தொடுவதில்லை, பெரியவர் தாராளமாகக் கிரிக்கெட் பார்க்கலாம்.

ஆனால் கறாரான ஆள். முன்கட்டுப் பொருள் எதையும் தொட மாட்டார். பக்கத்தில் உள்ள பொத்தான், பெட்டி, எழுத்து எதற்கும் அவரிடமிருந்து வழி இல்லை. என் பழைய ஃபங்ஷனை அப்படியே வெட்டி ஒர்க்கர் கோப்பில் ஒட்டினேன். முதல் வரியிலேயே விழுந்தது. பக்கத்தைக் குறிக்கும் டாக்குமென்ட் என்ற பெயரைப் பார்த்து, அப்படியென்றால் என்ன என்று கேட்டது. எழுத்து மாற்றுகிற வரிகளுக்கு நடுவே முன்னேற்றப் பட்டையை நகர்த்துகிற வரி, அதற்கடுத்துப் பிழைச் செய்தியைச் சிவப்பாக்குகிற வரி என்று நான் எல்லாவற்றையும் ஒரே குழம்பாக வைத்திருந்தேன். பிரித்தெடுக்க நாலு மாலைப்பொழுது ஆயிற்று. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து செய்தேன். அந்த நாலு நாளில் ஒர்க்கரைத் திட்டாத நேரமில்லை. இன்று அந்த நிரலைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

உலாவியின் சிறு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜும் அங்கே கிடைக்காது. 'கெளம்பு' போன்ற விலக்குச் சொற்களை ஒவ்வொரு பதிப்பாளரும் தன் கணினியிலேயே சேமித்துக்கொள்ளும்படி அதில்தான் வைத்திருந்தேன். இண்டெக்ஸ்டிபி என்ற இன்னொரு சேமிப்பிடம் ஒர்க்கருக்கு எட்டும். பட்டியலை அங்கே மாற்றிவிட்டேன். இணையத்திலிருந்து கோப்பு வாங்கும் ஃபெட்ச் கிடைக்கும், டைமர்கள் கிடைக்கும், சர்வரோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கும் வெப்சாக்கெட்டும் கிடைக்கும்.

இன்னொரு முறை மானம் போனது பெரியவரின் வீட்டில். பென் டிரைவில் பக்கத்தைக் கொண்டுபோய், கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்கு கொடுத்துத் திறந்தேன். பக்கம் வந்தது, ஒர்க்கர் வரவில்லை. வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் பக்கத்தில் குரோம் ஒர்க்கரை அனுமதிக்காது. சிறியதாகவாவது ஒரு சர்வர் வழியாகப் பக்கம் வர வேண்டும். வேறொரு தளத்தில் இருக்கும் கோப்பையும் நேரடியாக ஒர்க்கராக வைத்துக்கொள்ள முடியாது. ஆள் அதே வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பது விதி. அன்று காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இனி, இந்த மதிப்புரையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயம்: முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவே உள்ள வாசற்படி. ஒர்க்கர் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் தாண்டிப் போவது இதைத்தான். வேலை செய்வதில் சிக்கல் இல்லை. சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குவதில்தான் எல்லாச் சிக்கலும்.

சாதாரணமாகச் செய்தி அனுப்பினால் அது நகலாகத்தான் போகும். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதுபோல. இங்கே நான் ஒன்றைத் திருத்தினால் அங்கே இருப்பது திருந்தாது. சிறு பொருளுக்கு இது நல்ல ஏற்பாடு. பெரிய பொருளை நகலெடுக்கவும் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் முன்கட்டே கொஞ்சம் அடைபடும். ஃபங்ஷனை நகலெடுக்கவும் முடியாது. என் மாற்று விதிகளின் அட்டவணையில் சில இடங்களில் ஃபங்ஷன்களைச் செருகி வைத்திருந்தேன். அனுப்பியதும் டேட்டாக்ளோன்எரர் என்று முகத்தில் அடித்தது. விதிகளை வெறும் எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றி எழுதினேன்.

இரண்டாவது வழி, தாரை வார்ப்பது. தரவை மொத்தமாக வைத்திருக்கும் நினைவகத் துண்டான அரேபஃபர் போன்ற சிலவற்றை நகலெடுக்காமல் அப்படியே பின்கட்டுக்கு உரிமை மாற்றிக் கொடுத்துவிடலாம். எவ்வளவு பெரிதானாலும் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான். பழைய எழுத்துருவில் உள்ள மூலத்தை இடது பக்கத்திலும், மாற்றியதை வலது பக்கத்திலும் காட்ட ஆசைப்பட்டேன். வலது பக்கம் நிறைந்தது, இடது பக்கம் வெறுமை. நீளம் என்ன என்று கேட்டுப் பார்த்தால் 0. தாரை வார்த்த நிலத்தில் நெல் அறுக்கப் போன கதை.

மூன்றாவது, கூட்டுப் பட்டா. ஷேர்டுஅரேபஃபர் என்பார்கள், இருவரும் ஒரே நினைவகத்தில் கை வைக்கலாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற, கணினியின் செயலியில் (பிராசசரில்) இருந்த ஓட்டை வெளியானதும் உலாவிகள் இதை மூடின. இப்போது சர்வர் பக்கத்தோடு சேர்த்து ஹெடர் எனப்படும் இரண்டு தனிப்பட்ட குறிப்புகளை அனுப்பிப் பக்கத்தைத் தனிமைப்படுத்தினால்தான் கிடைக்கும். கூட்டுப் பட்டாவில் வருகிற வழக்குகள் எல்லாம் இதிலும் வரும். டிடிபி கடைக்கு அது வேண்டாத வேலை.

இவ்வளவு அடிபட்ட பிறகுதான் எளிய வழி கண்ணில் பட்டது. பெரியவர் தேர்ந்தெடுக்கும் கோப்பை நான் முன்கட்டில் திறக்கவே தேவையில்லை. ஃபைல் பொருளை அப்படியே செய்தியில் வைத்து அனுப்பலாம். போவது கைச்சீட்டு மட்டும்தான், உள்ளே இருக்கும் எழுத்துகள் நகலாவதில்லை. பின்கட்டு ஆளே திறந்து படித்துக்கொள்வார். என் வேலைக்கு வாசற்படிச் சிக்கல் பெரும்பாலும் இதோடு தீர்ந்தது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

முன்னேற்றத்தைச் சொல்வதிலும் ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் 'முடிந்தது' என்று செய்தி அனுப்பும்படி எழுதினேன். 18,000 செய்தி. அவற்றைக் கேட்டு ஒவ்வொரு முறையும் பட்டையை நகர்த்தியதிலேயே முன்கட்டு மறுபடியும் திணறியது. இப்போது 500 வரிக்கு ஒரு செய்தி. 36 முறை நகர்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது.

பெரியவர் அடுத்துக் கேட்டது 'நிறுத்து' பொத்தான். தவறான கோப்பைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்றார். சரிதானே. 'நிறுத்து' என்று ஒரு செய்தி அனுப்பினேன், ஆள் நிறுத்தவில்லை. அவரும் ஒற்றை இழை ஆள்தான். கையில் உள்ள சுற்று முடிகிற வரை தலையை நிமிர்த்திக் கடிதம் படிக்க மாட்டார். நாவல் முழுவதையும் மாற்றி முடித்துவிட்டு, 'நிறுத்தச் சொன்னீர்களா?' என்று அப்போதுதான் பார்த்தார். டெர்மினேட் என்று இன்னொரு வழி இருக்கிறது. அது உடனே ஆளை வீட்டை விட்டே அனுப்பிவிடும். பாதியில் இருந்த வேலை, நினைவில் இருந்த சொற்பட்டியல் எல்லாம் போய்விடும். கொடுமைதான், ஆனால் எனக்கு அதுதான் ஒத்துவந்தது. அனுப்பிவிட்டு அதே நொடியில் புதிய ஆளைச் சேர்த்து, சொற்பட்டியலைப் படிக்கச் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோப்பு வருவதற்குள் அவர் தயாராகிவிடுகிறார்.

வேகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒர்க்கர் வைத்த பிறகு அதே நாவலுக்கு 41 விநாடி ஆயிற்று. ஒரு விநாடி கூடுதல். வேலை சீக்கிரம் முடியும் என்று நம்பி யாரும் இதற்கு வர வேண்டாம். நேரம் குறைந்தது என் நிரலை நான் திருத்தியபோதுதான். முன்னூறு மாற்று விதிகள், ஒவ்வொரு விதிக்கும் நாவல் முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை படித்துக்கொண்டிருந்தேன். ஒரே நடையில் எல்லா விதியையும் பார்க்கும்படி மாற்றினேன். 11 விநாடி. அப்படியானால் ஒர்க்கர் எதற்கு என்று கேட்கலாம். 11 விநாடி உறைந்து நின்றாலும் பெரியவர் இரண்டு முறையாவது அழுத்துவார். பக்கங்களைத் தரம் பார்க்க கூகுள் 2024 மார்ச்சிலிருந்து வைத்திருக்கும் அளவுகோலில், சொடுக்குக்கு 200 மில்லிவிநாடிக்குள் திரையில் பதில் தெரிந்தால்தான் நல்ல பக்கம். நான் அந்த அளவுகோலுக்காகச் செய்யவில்லை; பெரியவர் அதைவிடக் கண்டிப்பானவர்.

என் மைத்துனரின் மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது காட்டினேன். "மாமா, காம்லிங்க் போடுங்கள், செய்தி அனுப்புகிற தொல்லையே தெரியாது" என்றான். கூகுளின் குரோம் குழுவினர் எழுதிய சிறு நூலகம் அது. ஒர்க்கரில் உள்ள ஃபங்ஷனைப் பக்கத்தில் இருப்பதைப் போலவே கூப்பிட வைக்கிறது. போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. நான் திரும்ப எடுத்துவிட்டேன். வாசற்படி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் எனக்குத் தடுக்கி விழுந்துவிடுவோம் என்ற பயம். எட்டு ஃபங்ஷன், பத்து ஃபங்ஷன் என்று வைத்திருப்பவர்களுக்கு அவன் சொன்னதுதான் சரி.

அவனே இன்னொன்றும் சொன்னான்: "உங்கள் கணினியில் எட்டு கோர் இருக்கிறது மாமா, எட்டு ஒர்க்கர் வையுங்கள்." வைத்தேன். என் கடையில் பறந்தது. 4 ஜிபி நினைவகம் உள்ள பெரியவரின் மடிக்கணினியில் எட்டு ஆளும் தனித்தனியே சொற்பட்டியலைத் தலையில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் மடிக்கணினியே படுத்துவிட்டது. ஒவ்வோர் ஒர்க்கருக்கும் தனி நினைவகம் என்பதை மறந்துவிட்டேன். இப்போது ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார், போதும்.

யாருக்கு இது வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். சர்வரிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதற்கு ஒர்க்கர் தேவையில்லை. காத்திருப்பது இழையை அடைப்பதில்லை. தெரிந்த ஒருவர் தன் கடைப் பக்கத்தில் ஆர்டர் படிவத்தை அனுப்ப ஒர்க்கர் வைத்திருக்கிறார். எலுமிச்சம்பழம் நறுக்க அரிவாள்மணையைத் தேடியெடுத்த மாதிரி. கணக்கு, படம், எழுத்து மாற்றம், பெரிய அடுக்கல் என்று செயலியைக் கசக்குகிற வேலை இருந்தால் மட்டும் வாருங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. சர்வீஸ் ஒர்க்கர் என்பவர் வேறு ஆள். பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே காவல்காரர்போல நின்று, கோப்புகளைச் சேமித்துவைத்து, இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறந்து காட்டுபவர். எச்டிடிபிஎஸ் முகவரி இருந்தால்தான் வருவார். புத்தகக் காட்சியில் கூட்டம் சேர்ந்தால் கைபேசி இணைப்பு தள்ளாடும். பெரியவரின் கடை வரிசையில் என் பக்கம் திறக்க வேண்டுமே என்று அவரையும் வைத்தேன். முதல் சனிக்கிழமை காலையில் ஔகாரத் திருத்தம் ஒன்றை ஏற்றினேன். அங்கே மாலை வரை பழைய பக்கமே ஓடிக்கொண்டிருந்தது. பழைய பக்கம் திறந்திருக்கும் தாவல்கள் எல்லாம் மூடினால்தான் புதிய காவல்காரர் பொறுப்பேற்பார் என்பது அவர்களுடைய வழக்கம். பெரியவர் தாவலை மூடுகிற வழக்கமே இல்லாதவர். மைதானத்தின் புழுதியில் ஓடிப்போய் நானே மூடிவிட்டு வந்தேன். சர்வீஸ் ஒர்க்கரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

வெப் ஒர்க்கருக்கு நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது அவருடைய ஊமைத்தனத்துக்காக. ஒர்க்கர் கோப்பின் பாதையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் பக்கம் பாட்டுக்கு இருக்கும், வேலை நடக்காது, ஏன் என்றும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆன்எரர் என்று ஒரு காது வைத்து, அதில் விழுவதை நீங்களே திரையில் காட்டிக்கொள்ள வேண்டும். அதை முதல் நாளே எழுதிவிடுங்கள். இன்னொன்று: ஒர்க்கர் கோப்புக்குள் இம்போர்ட் போட்டு மற்றக் கோப்புகளை அழைக்கும் வசதி குரோமில் 2020-இலும் ஃபயர்பாக்ஸில் 2023-இலும்தான் வந்தது. பழைய கணினி வைத்திருக்கும் வாடிக்கையாளர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது நல்லது. என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் பழைய கணினிதான்.

போன வாரம் பெரியவர் அடுத்த நாவலோடு வந்தார். இது 740 பக்கம், திஸ்கி. கோப்பைக் கொடுத்து, பொத்தானை ஒரே முறை அழுத்தினார். பொத்தான் உடனே மங்கி, பக்கத்தில் 'நிறுத்து' தெளிந்தது. பட்டை நகர ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "நிறுத்தினால் நிற்குமா?" என்று கேட்டார். "அழுத்திப் பாருங்கள் ஐயா" என்றேன். அழுத்தினார், நின்றது. மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். பழைய ஸ்கூட்டர் வாங்க வந்தவர் பிரேக்கை மிதித்துப் பார்ப்பதுபோல மூன்று முறை செய்துவிட்டு, நாலாவது முறை ஓடவிட்டார்.

"சரி தம்பி, டீக்குச் சொல்லுங்கள். சர்க்கரை வேண்டாம்."

டீ வருவதற்கு முன்னாலேயே நாவல் முடிந்துவிட்டது.